தயிர்ச்சோற்றுப் பூனை

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பூசை என்று பெயர். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையைக் கம்பன் அவையடக்கத்தில் சொல்கிறான் அல்லவா, அங்கே அவன் எடுத்தாளும் சொல். இலக்கியப் பெருமையோடு நாங்கள் வைத்த பெயரை அம்மா சாமி பூசை என்றே எடுத்துக்கொண்டார். பெயர் அவருக்குப் பிடித்துப்போனதால் நாங்களும் கம்பனை வலியுறுத்தவில்லை.

அம்மா சன்மார்க்கத்தைப் பின்பற்றுபவர். சேத்தியாத்தோப்பில் பேருந்து ஏறினால் முக்கால் மணிக்குள் வடலூர். தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கிக் காட்டப்படும் சோதியைப் பார்க்க அவர் போகாத ஆண்டை எங்களுக்கு நினைவில்லை. 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்பதைச் சொல்லும்போது, ஏதோ தாமே விறகு தள்ளிக்கொண்டிருப்பவர்போல அவர் முகம் மலரும். எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. ஆகவே பூசைக்கும் காலையில் பால், மதியம் தயிர்ச்சோறு, இரவில் பாலில் பிசைந்த இட்லி. எட்டு ஆண்டுகள் இப்படியே போயின. மயிர் பளபளத்தது, கண் மின்னியது. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் “எங்கள் பூனை சுத்த சைவம்” என்று பெருமை பேசினோம். மாமல்லபுரத்துப் பாறையில் கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் நிற்கும் எலிகளையும் பல்லவச் சிற்பி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செதுக்கி வைத்திருக்கிறான். அதைப் பலமுறை பார்த்துச் சிரித்தவர்கள் நாங்கள். நம் வீட்டிலும் ஒன்று அப்படித் தவம் செய்துகொண்டிருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வைக்கோற்போர். அதற்கப்பால் கரும்பு. இந்தப் பக்கத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்புக்குக் குறைவில்லை. கரும்பு இருந்தால் எலிக்குக் குறைவில்லை. பூசை இரவெல்லாம் எங்கே போய்வருகிறது என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. காலையில் வந்து பால் குடித்துவிட்டுத் தூங்கும். அதன் தூக்கத்தைச் சாத்விக உணவின் விளைவாகக் கருதினோம்.

ஒருநாள் சாலையில் இருசக்கர வண்டி மோதிப் பின்னங்கால் முறிந்தது. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டாலும் எங்களுக்குத்தான் பயம் தெளியவில்லை. சன்னல்களுக்கு வலை அடித்தோம், பின்கதவுக்குக் கம்பிவலைக் கதவு போட்டோம். அதன்பிறகு ஒன்றரை ஆண்டு பூசை வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அப்போதுதான் அது உண்மையிலேயே சைவப் பூனை ஆயிற்று.

முதலில் கண்டது கண். அந்தி வேளையில் மேசைக்காலில் முட்டிக்கொண்டது. விளக்குப் போட்டாலும் கருவிழியின் பாவை சுருங்காமல் அகன்றே இருந்தது. அழகாக இருக்கிறதென்று அந்தக் கண்ணைப் புகைப்படம்கூட எடுத்தோம். பிறகு தின்பது குறைந்தது. கட்டிலுக்கு அடியில் போய் முன்னங்கால்களை அகற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. விலா வேகமாக ஏறி இறங்கியது. மூன்றே முக்கால் கிலோ இருந்த உடம்பு இரண்டரைக்கு வந்திருந்தது. உள்ளூரில் மாடுகளையும் ஆடுகளையும் பார்த்துக்கொண்டிருந்த கால்நடை மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, “இதயம் சரியில்லை, புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பாருங்கள்” என்றார். வடலூர், கடலூர் வழியாகப் போனோம். கூடை மடியில் இருந்தது. வடலூர் நிறுத்தத்தில் அம்மா கைகூப்பிக் கண்மூடிக்கொண்டார்.

அங்கே அந்தப் பெண் மருத்துவர் ஸ்கேன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இதயத்தின் சுவர் மெலிந்து, பை போல விரிந்து, சுருங்கித் தள்ள வலுவில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு விளக்கடித்துக் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார். கடைசியாக, “என்ன சாப்பாடு குடுக்கறீங்க?” என்று கேட்டார். அம்மாதான் பதில் சொன்னார். சொல்லும்போது வழக்கமான பெருமை குரலில் இருந்தது. மருத்துவர் சிறிது நேரம் எழுதாமல் இருந்தார்.

அவர் சொன்னதையும் பின்னர் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறோம். டாரின் என்றொரு பொருள் உண்டு. மனிதனும் நாயும் பெரும்பாலும் அதைத் தம் உடம்பிலேயே ஆக்கிக்கொள்வார்கள். பூனையால் தேவையான அளவு ஆக்கிக்கொள்ள முடியாது. ஆனால் பித்தநீர் செய்வதற்கு அதை நாள்தோறும் செலவழித்தே தீர வேண்டும். வரவில்லாமல் செலவு மட்டும் உள்ள கணக்கு. அந்த வரவு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வரும். செடிகொடிகளில் கிட்டத்தட்ட இல்லை, பாலிலும் போதாது. 1975இல் ஹேய்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், பாலின் புரதமான கேசீனையே புரதமாக வைத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை சிதைவதையும், அதற்கு டாரின் குறைவே காரணம் என்பதையும் காட்டினார்கள். அந்த ஆய்வுக்கூடத்துப் பூனைகளுக்கும் எங்கள் பூசைக்கும் வேறுபாடு, நாங்கள் சோறும் சேர்த்துப் பிசைந்தோம் என்பதுதான். 1987இல் கலிபோர்னியாவில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர், இதயம் விரிந்து செத்துக்கொண்டிருந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டார். கொடுத்துப் பார்த்தபோது பல பூனைகளின் இதயம் மீண்டும் வலுப்பெற்றது. அந்தப் பூனைகள் தின்றதோ போதுமான டாரின் இருப்பதாக நம்பப்பட்ட கடைத் தீனி! அதற்குப் பிறகுதான் தீனி நிறுவனங்கள் அளவைக் கூட்டின.

ஆக, எட்டு ஆண்டுகள் பூசையைக் காப்பாற்றியது எங்கள் தயிர்ச்சோறு அன்று. கரும்புத் தோட்டத்து எலி.

“இதயம் திரும்ப வரலாம், கண் வராது” என்றார் மருத்துவர். நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை, நாளைக்கு இரண்டு வேளை 250 மில்லிகிராம் டாரின், அவற்றோடு மீன் அல்லது இறைச்சி. கடைசிச் சொல்லைக் கேட்டு அம்மா வெளியே போய் நின்றுகொண்டார்.

திரும்பி வருகிற பேருந்தில் யாரும் பேசவில்லை. இரவு அம்மா ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ நூலை எடுத்து வைத்துக்கொண்டார். பசியை இவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதிய இன்னொரு நூல் தமிழில் உண்டா என்பது எங்களுக்கு ஐயம். பசி வந்தவனின் அறிவு எப்படி மங்கும், புலன்கள் எப்படிச் சோரும் என்று அடுக்கிக்கொண்டு போவார் வள்ளலார். ஆனால் எங்கள் கேள்வியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓர் உயிரைக் கொன்று அந்த ஊனால் இன்னோர் உயிரின் பசியைத் தீர்ப்பது கருணை ஆகாது, கடவுளுக்கும் அது சம்மதம் அன்று என்று ஐயத்துக்கிடமின்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அம்மா அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே எங்களைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பூசையின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

எங்களிடமும் பதில் இல்லை. பூனைக்கு மீன் வேண்டும் என்பது உடற்கூற்று உண்மை. மீனுக்கும் உயிர் வேண்டும் என்பதும் அப்படியே. கொன்றது யாரோ, டப்பாவில் அடைத்தது யாரோ, நாம் வெறும் காசு கொடுத்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் வசதி கடைத் தீனியில் இருக்கிறது. அதையும் யோசித்தோம். அம்மாதான், “வெலை குடுத்து வாங்கினா அது மட்டும் பாவமில்லையா?” என்று அந்தக் கதவை மூடினார். மறுநாள் காலை, கொல்லையில் பழைய மண்ணெண்ணெய் அடுப்பு இருந்த இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தார். சமையலறைக்குள் வேண்டாம், அங்கே செய்துகொள்ளுங்கள் என்பது அதன் பொருள். வாயால் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தர்மசங்கடம் இத்தோடு தீர்ந்தது, இனிப் பூனை மீனைப் பாய்ந்து தின்னும் என்று எண்ணினோம். வீராணத்து ஜிலேபிக் கெண்டையை, வாழ்நாளில் மீன் ஆய்ந்தறியாத கைகளால் ஆய்ந்து, வேகவைத்து, முள் எடுத்துக் கொண்டுபோய் வைத்தோம். பூசை முகர்ந்தது. பிறகு தரையைச் சுரண்டி மூடுவதுபோல் பாவனை செய்துவிட்டு நகர்ந்தது. மலத்தை மூடும்போது செய்கிற அதே பாவனை! அம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஓடியது வெற்றிப் புன்னகைதான் என்று இன்றும் எங்களுக்குச் சந்தேகம்.

குட்டியில் எது உணவென்று பழகுகிறதோ அதையே உணவென்று பூனை கருதும். வேட்டையாடிய எலி அதற்கு எலி; கிண்ணத்தில் வருவது தயிர்ச்சோறு. கிண்ணத்தில் மீன் வருவது அதன் சாத்திரத்தில் இல்லை. பிடிவாதம் பிடித்துப் பட்டினி போட்டால் வழிக்கு வந்துவிடும் என்று அடுத்த வீட்டிலிருந்து யோசனை வந்தது. நாய்க்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் தின்னாவிட்டால், உடம்புக் கொழுப்பெல்லாம் கிளம்பி ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதுவே தனி நோய், அதுவே சாவுக்கும் போதும். சஷ்டி, ஏகாதசி எல்லாம் பூனை ஈரலுக்கு ஒத்துவராது. தவம் செய்கிற பூனை கதையில் மட்டும்தான் பிழைக்கும்.

ஆகவே தயிர்ச்சோற்றிலிருந்தே தொடங்கினோம். மதியச் சோற்றில் மீன் வெந்த நீர் ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான். இரண்டு நாள் சந்தேகத்தோடு தின்றது. பிறகு இரண்டு தேக்கரண்டி. பிறகு தயிரைக் குறைத்து, மசித்த மீன் கடுகளவு. இந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது என்பதைப் பிந்தித்தான் தெரிந்துகொண்டோம்: டாரின் நீரில் கரையும், வேகவைத்தால் பாதிக்குமேல் சாற்றில் இறங்கிவிடக்கூடும். கொஞ்ச நீரில் வேகவைத்து, சாற்றோடு கொடுப்பதே முறை. பச்சை மீனும் கூடாது. சில மீன்களில் உள்ள ஒரு நொதி தயமின் என்ற வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். உப்பில்லை, வெங்காயமில்லை, பூண்டில்லை. குழம்பு மீனைக் கழுவிக் கொடுக்கலாமே என்றவர்களுக்கு, வெங்காயம் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று சொல்லிச் சொல்லி அலுத்தோம். கருவாடு கொடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மணத்துக்குக் கருவாட்டை மிஞ்ச ஒன்றுமில்லைதான். ஆனால் நோயுற்ற இதயத்துக்கு அவ்வளவு உப்பு ஆகாது.

பூனைக்கு உணவு என்பது நாக்கில் தொடங்குவதில்லை, மூக்கில். இனிப்பை உணரும் மரபணு பூனையினத்தில் பழுதாகிவிட்டது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். பாற்கடலை நக்கப்போன கம்பனின் பூனைக்கு அதன் இனிமை தெரிந்திருக்க வழியில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மீனைச் சீந்தாத பூசை, அதே மீனை உள்ளங்கைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் தலையைத் திருப்பும். ஓர் எலியின் உடற்சூடு அது என்று நினைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். குழிந்த எவர்சில்வர் கிண்ணத்தை விட்டுவிட்டு, விருத்தாசலத்தில் வாங்கிய தட்டையான பீங்கான் தட்டுக்கு மாறினோம். நொறுங்காத, மணம் பிடிக்காத நல்ல சுடுமண். விளிம்பில் ஒரு குமிழ் இருந்ததால் விலை குறைத்துக் கொடுத்தார்கள். கண் மங்கிய பூனைக்கு அந்த வெள்ளைத் தட்டு தெரிந்ததோ இல்லையோ, தரையில் எப்போதும் ஒரே இடத்தில் வைத்ததால் வந்து சேர்ந்தது. ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டிதான், ஆனால் நாளைக்கு ஆறு வேளை. வைத்துவிட்டு நாங்கள் அகன்றுவிடுவோம். பக்கத்தில் குந்தி “தின்னு, தின்னு” என்று கெஞ்சுபவர்களின் முன்னால் எந்தப் பூனையும் தின்னாது.

நான்காம் வாரம் அது மீனைத் தனியாகத் தின்றது. அப்போதுதான் நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம்.

மாத்திரை கொடுப்பது நாள்தோறும் போராக இருந்தது. மீனைத்தான் இப்போது விரும்பித் தின்கிறதே என்று மாத்திரையைப் பொடித்து மீனில் கலந்தோம். பூசை ஒரு வாய் எடுத்தது. வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வழிந்தது. எங்களை நிமிர்ந்து பார்த்தது. பார்வை மங்கிய கண்தான் என்றாலும் பார்த்தது. அன்று மட்டுமல்ல, மறுநாளும் மீனைத் தொடவில்லை. தட்டை வைத்த சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போயிற்று. நான்கு வாரம் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேர்த்தது ஒரே வாயில் போயிற்று. கொதிக்கும் பாலை வைத்து வாயைச் சுட்டுக்கொள்ளச் செய்து, பிறகு பாலைக் கண்டாலே ஓடும் பூனையை ராயர் சபைக்குக் கொண்டுபோன தெனாலிராமன் கதையைச் சிறுவயதில் கேட்டு நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். அந்தப் பூனையின் பக்கத்தில் நின்று யாரும் அந்தக் கதையைக் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் இரவு ஊசியில்லாத சிரிஞ்சில் மீன்சாற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பூசை வாயைத் திறக்கவில்லை. திணித்தால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நள்ளிரவுக்குமேல் அம்மா எழுந்து வந்தார். ஒரு தட்டில் தயிர்ச்சோறு கொண்டுவந்து, பீங்கான் தட்டு இருக்கும் இடத்தில் அல்ல, வேறு மூலையில் வைத்தார். “பழைய எடத்துக்கு அது வராதுப்பா. இங்க வெச்சுப் பாரு” என்றார். அரை மணி கழித்து நக்கும் சத்தம் கேட்டது. டாரின் இல்லாத, கண்ணைக் கெடுத்த அதே தயிர்ச்சோறு. அந்தச் சத்தத்தைப்போல் இனியதொன்றை அந்த வீட்டில் நாங்கள் கேட்டதில்லை. பட்டினியைவிட அது மேல்.

அதன்பின் உணவு வேறு, மருந்து வேறு. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இல்லை. கொடுக்கும் கையும் வேறு. மாத்திரைக்குக் கூடத்தில் ஓர் ஆசனப்பலகை. துண்டில் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, நாக்கின் அடிப்புறத்துக்குத் தள்ளி வைத்து, உடனே சிரிஞ்சில் ஐந்து மில்லி நீர் கொஞ்சம் கொஞ்சமாக. இந்த நீர் முக்கியம். வெறும் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். (கழுத்துத் தோலைக் கவ்வினால் அடங்கிவிடும் என்பது குட்டிகளுக்குத்தான். எங்களுக்குத் தெற்கே காட்டுமன்னார்கோயில், நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊர். சரணாகதிக்குத் தாய்ப்பூனை கவ்விய குட்டியை உவமை சொல்லும் மார்ஜார நியாயம் அந்த மரபில் பிற்காலத்தில் எழுந்தது. வளர்ந்த பூனையைக் கையாண்டிருந்தால் ஆசாரியர்கள் வேறு உவமை தேடியிருப்பார்கள்.)

டாரின் பொடி மட்டும் விதிவிலக்கு. உடற்பயிற்சி செய்பவர்களுக்கான கடைகளில் கிடைக்கிறது. வெள்ளையாக, நீரில் கரைவதாக, ஏறக்குறைய மணமற்றதாக இருக்கும். வேறெதுவும் கலந்திராத தனிப்பொடியா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். அம்மா அதைக் கையில் வாங்கி, “இது எதுலேர்ந்து எடுக்கறாங்க?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. 1827இல் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தது காளையின் பித்தநீரிலிருந்து. பெயரே காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இன்று விற்பது தொழிற்சாலையில் வேதிமுறையில் ஆக்கப்படுவது, அதற்கும் மாட்டுக்கும் தொடர்பில்லை என்று விளக்கினோம். அப்படியானால் அது தம்முடைய பொறுப்பு என்றார். பொடி மட்டும் போதும், மீனை நிறுத்திவிடலாமா என்று எங்களுக்கும் ஒரு சபலம் வந்தது. பூனைக்கு ஊனிலிருந்து மட்டும் கிடைப்பவை இன்னும் சில உண்டு: காரட்டில் இருப்பதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளக்கூட அதன் உடம்பால் ஆகாது. பாதி மீண்ட இதயத்தை வைத்துச் சோதித்துப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.

அம்மா ஒரு பழைய சங்கில் நீர் ஊற்றிப் பொடியைக் கரைத்து, அதைக் காலையும் மாலையும் தயிரில் விட்டுக் கலக்குவார். தயிர் ஒரு கரண்டி அளவுக்கு இன்னும் உண்டு, அது மருந்து. மீனும், பின்னர் கோழிக்கால் கறியும் கொல்லை அடுப்பில் எங்கள் வேலை. மீனுக்குப் பூசை திரும்பி வர மேலும் ஐந்து வாரம் ஆயிற்று.

நான்காம் மாதம் புதுச்சேரியில் மீண்டும் ஸ்கேன். இதயத்தின் சுவர் தடித்திருந்தது. சுருங்குவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். கண் அப்படியே. வீட்டில் நாற்காலி, முக்காலி எதையும் இப்போது இடம் மாற்றுவதில்லை. நகர்த்தினால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

ஒருநாள் வலைக்கதவோரம் உட்கார்ந்து பூசை வெளியே முகர்ந்துகொண்டிருந்தபோது, அந்த எலிகளைப் பற்றி அம்மாவிடம் பேச்சு வந்தது. எங்களுக்கு யாருக்கும் தெரியாமல் போயிற்றே என்றோம்.

“எனக்குத் தெரியும்” என்றார். “வைக்கப்போர்ல வால் கெடக்கும். தண்ணி ஊத்திக் கழுவி விட்ருவேன்.”

“சொல்லவே இல்லையேம்மா?”

“நாம குடுக்கலையே.”

இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு முதல்நாள் மாலை அவர் வடலூருக்குப் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வள்ளலார் நினைவு நாளென்று அன்றைக்கு இறைச்சிக் கடைகள் திறப்பதில்லை. பையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே, எங்கள் பக்கம் திரும்பாமல், “நாளைக்குக் கறிக்கடை இருக்காது. இப்பவே போயி வாங்கி வேகவெச்சு வெச்சிடுங்க” என்றார்.